எட்டில் ஒன்று

கோக்கோலாவுக்கு இருபது கிலோமீட்டர் முன்னால்
வேன் நின்றுவிட்டது.
ஜூலை. இரவு பத்து மணிக்கும் வெயில்.
ஐந்து பேர், ஓர் அக்கார்டியன்,
ஒரே துணியில் தைத்த ஐந்து நீலக் கோட்டுகள்.
மறுநாள் ஏரிக்கரை மேடையில்
டாங்கோ வாசிக்க வேண்டியவர்கள்
டீசல் நாற்றத்தில் கொசு அடித்துக்கொண்டிருந்தோம்.

மெக்கானிக் பெயர் இர்மெலி சலக்கா.
வேனுக்கு அடியில் அவள் கால்கள் மட்டும்.
ஸ்பேனர் வேண்டும்போது ஒரு கை நீளும்.
கிரீஸ் படிந்த டேப் ரிக்கார்டரில்
ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் நான் கவனிக்கவில்லை.
என் இடது கை கவனித்தது.
பாக்கெட்டுக்குள் விரல்கள் தாமாகவே
இல்லாத தந்திகளை அழுத்தின.

ட்ரம்ஸ் ஓடுகிறது.
ஓடும்போதே ஒரு செருப்பு கழன்றதுபோல்
ஓர் அடி குறைகிறது.
நின்று தேடவில்லை.
சாக்ஸபோனும் தன் செருப்பொன்றைக் கழற்றி எறிந்துவிட்டுக்
கூடவே ஓடுகிறது.
ராக் கூட்டத்திலிருந்து தப்பி வந்த கிட்டார்
ஈரத் தலையோடு ஜாஸ்காரர்கள் வீட்டில் நுழைந்து
யாரையும் கேட்காமல்
ஜன்னல்களைத் திறக்கிறது.
அடியில் பேஸ்.

அந்த பேஸ் என்னுடையது.

பதினோரு வருடமாக நான் வாசிப்பது.
வாசாவில், செய்னயோகியில்,
'இது உன் சொந்தச் சரக்கு' என்று
குடித்தவர்களும் குடிக்காதவர்களும்
தோளில் தட்டிச் சொன்னது.

'யார் இவர்கள்?' கால்களிடம் கேட்டேன்.
'ருவோஸ்தெபில்வி.'
துருமேகம்.
'எழுபதில் ஓர் இசைத்தட்டு. முந்நூறு பிரதி. அவ்வளவுதான்.'
'அப்புறம்?'
'ட்ரம்மர் ஒவுலுவில் காது மெஷின் விற்கிறார்.'
கை நீண்டது. 'பதினாலாம் நம்பர்.'

கோபம்தான் வந்தது.
நான் பிடிப்பதற்கு ஆறு வருடம் முன்பே
என்னைக் காப்பியடித்திருக்கிறார்கள்.

ஐஸ் ஹாக்கி முடிவுகளுக்கு முன்னால்
பன்னிரண்டு விநாடி வரும் டிவி இசை
பாதி ராத்திரியில்தான் நினைவுக்கு வந்தது.
அப்பா ஷ் என்று கை தூக்குவார்.
தொத்திறைச்சி முள்கரண்டியிலேயே நிற்கும்.
அதை எழுதியவர்
அந்த முந்நூறில் ஒன்றை வாங்கியிருக்க வேண்டும்.
பல் டாக்டர் காத்திருப்பு அறையில் ஒன்று,
குளிர்கால டயர் விளம்பரத்தில் ஒன்று.
யார் யாரோ கைமாற்றாக வாங்கி
வட்டியும் கட்டாமல்
எனக்குக் கடத்திவிட்டிருக்கிறார்கள்.
கடன்காரர்கள் நடுவில் வளர்ந்தவனுக்கு
கடன் கொடுத்தவர் முகம்
திருடன் முகமாகத் தெரிந்திருக்கிறது.

கேசட்டைக் கேட்டேன். விலை சொன்னேன்.
இர்மெலி தலையை ஆட்டிவிட்டு
ஃபேன் பெல்ட்டுக்கு மட்டும் ரசீது எழுதினாள்.

மறுநாள் மூன்றாவது டாங்கோ.
எட்டு அடியில் ஒன்றைத் திருடினேன்.
ஒன்றே ஒன்று.
எழுபது ஜோடிகளின் கால்
இறங்க இடமில்லாமல் தொங்கியது.
யாரோ சாத்தானைக் கூப்பிட்டுத் திட்டினார்.
மரப்பலகைத் தளம் முழுவதும்
மன்னிப்புகள், இடறல்கள், ஒரு சிரிப்பு.

மஞ்சள் ஸ்வெட்டர் போட்ட பெண்ணும்
இரண்டு விரல் இல்லாத அவள் துணையும் மட்டும்
இடறவில்லை.
காணாமல்போன அந்த இடத்தில்
ஒரு சுற்றுத் திரும்பினார்கள்,
கதவு அங்கேதான் இருந்தது என்பதுபோல.
அடுத்த எட்டில் நான் மறுபடி திருடுவதற்குள்
திரும்பத் தயாராக இருந்தார்கள்.

தாவெத்தி என் சம்பளத்தில்
நாற்பது மார்க்கா பிடித்துக்கொண்டார்.
'தப்புக்கு' என்றார்.
திருத்தலாமா என்று நினைத்தேன். விட்டுவிட்டேன்.

ஒவுலுவுக்கு ஒருமுறை போனேன், நவம்பரில்.
காது மெஷின் கடை சாலைக்கு எதிர்ப்பக்கம்.
உள்ளே, மெலிந்த ஒருவர்,
நாற்காலியில் இருந்த பெண்ணின் காதருகே
விரலைச் சொடுக்கிக்கொண்டிருந்தார்.
கண்ணாடிக்கு வெளியே சத்தம் வராது.
விரலைப் பார்த்தே எண்ணினேன்.
ஐந்து. ஆறு.
அப்போது பஸ் வந்து
நடுவில் நின்றது.